இருபது நாளுக்கு ஒரு நாள்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி முதல் ஊராட்சி வரை எங்கள் உள்ளாட்சி மன்றங்களில் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். இருபத்தோரு வருடமாக எழுதுகிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா மாறுதல், ஓடைப் புறம்போக்கு, முதியோர் உதவித்தொகை, சக்கர நாற்காலி, தெருக்குழாயில் தண்ணீர் என்று அவரவர் குறையைச் சொல்வார்கள்; நான் முறைப்படி எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு மனுவை மட்டும் யாரும் என்னிடம் எழுதச் சொன்னதில்லை. “எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு நாலு நாள் ஓய்வு வேண்டும்” என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அந்த மனுவை இன்று நானே எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் மானூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மகனுக்கு மூளை முடக்குவாதம், வயது இருபத்து நான்கு. பழைய சக்கர நாற்காலியில் இப்போது உட்கார முடியவில்லை, பெரியது வேண்டும் என்று மனு. நான் பாதி எழுதுவதற்குள் மூன்று முறை மணி பார்த்துவிட்டார். “ஏன் அண்ணாச்சி, அவ்வளவு அவசரம்?” என்று கேட்டேன். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது என்றார். பையனைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டு வந்திருக்கிறார். ஆச்சிக்கு எழுபது வயது. பையன் சாய்ந்து விழுந்தால் ஆச்சியால் தூக்க முடியாது. எழுதியதை வாசித்துக் காட்டக்கூட அவர் விடவில்லை. பேனாவைக் கொடுத்தபோது வலது கை நடுங்கியது. இடது கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். இருபது வருடம் மகனைத் தூக்கி இறக்கிய கை அது. அவர் போன பிறகு மனுவைப் பார்த்தேன். மகனைப் பற்றி எல்லாம் இருந்தது. அந்தக் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவன் நான்தான்.

என் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இந்த மடலுக்கு உண்மை வராது.

2017ஆம் வருடம் ஐப்பசியில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இடது கை ஒன்றுதான். பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலோரம் கட்டில் போட்டு ஆறு வருடம் எட்டு மாதம் வைத்திருந்தோம். ‘வைத்திருந்தோம்’ என்று பன்மையில் எழுதுவது பழக்க தோஷம். வைத்திருந்தவள் என் மனைவி. நான் காற்றுப் படுக்கை வாங்கிப் போட்டேன், மருந்துச் சீட்டோடு கடைக்குப் போனேன், சாயங்காலம் வந்து அம்மாவின் தலைமாட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஊரார் என்னைத்தான் நல்ல மகன் என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் முக்கூடல். சிறு வயதிலிருந்தே பீடி சுற்றியவள். அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே சுளகை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு உட்காருவாள். இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டி, ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து அம்மாவைப் பார்ப்பாள். புகையிலைத் தூள் பட்ட கையால் அத்தையைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுவாள். அப்படி ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை. மார்கழி மாதத்தில் விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் கசியும். தேங்காய் எண்ணெய் தடவினால் இலை வழுக்கும் என்று அதையும் ராத்திரி படுக்கப் போகும்போதுதான் தடவுவாள்.

2022 தை மாதம் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்துவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னதை அவள் என்னிடம் பாதிதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்துவிட்டால் அத்தையை யார் பார்ப்பது? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பதினைந்து மாதம் தள்ளிப்போட்டாள். கடைசியில் 2023 சித்திரையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ரத்தத்தின் அளவு 7க்கு இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றித் தேற்றித்தான் அறுவைச் சிகிச்சை செய்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் அம்மாவை நான் பார்த்துக்கொண்டேன். பகலில் தூத்துக்குடியிலிருந்து வந்த என் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். கஞ்சியைக் கரண்டியில் ஊட்டும்போது அவசரப்பட்டால் புரை ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்ததெல்லாம் கேட்டுத் தெரிந்தது. முதல் நாள் ராத்திரி படுக்கப் போகும்போது அம்மா இடது கையை நீட்டிக்கொண்டே இருந்தார். என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன், விளக்கை அணைத்துப் போட்டேன். கை இறங்கவில்லை. கட்டில் காலைச் சுற்றிக் கிடந்த நூலைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பீடி நூலை நாலைந்து இழையாகச் சேர்த்து முறுக்கி, ஒரு முனையை அம்மாவின் இடது கையிலும் மறுமுனையைத் தன் கையிலும் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருக்கிறாள் என் மனைவி. அம்மாவுக்கு ஈரமானாலோ மூச்சு முட்டினாலோ நூலை இழுப்பார், இவள் எழுந்துகொள்வாள். பேச்சுப் போன மாமியாருக்கும் மருமகளுக்கும் அதுதான் பேச்சு. ஐந்து வருடத்துக்கு மேல் அந்த நூல் அவள் மணிக்கட்டில் இருந்திருக்கிறது. அடுத்த அறையில் தூங்கிய எனக்கு அது தெரியாது.

அன்று ராத்திரி நூலை என் கையில் கட்டிக்கொண்டேன். அம்மா நாலு முறை இழுத்தார். மறுநாள் ஐந்து முறை. நாலாம் நாள் மத்தியானம் அம்மா ஏதோ முனகியபோது, நான் குரலை உயர்த்திக் கத்திவிட்டேன். பெற்ற தாயிடம், பேச முடியாத தாயிடம் கத்தினேன். நாலே நாள் தூக்கம் கெட்டதில் என்னிடமிருந்து வந்த குரல் அது. ஐந்து வருடம் தூக்கம் கெட்டவள் ஒரு நாளும் கத்தியதில்லை என்று சொல்லி அவளைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. கத்தியிருக்கிறாள். பிறகு சமையலறையில் போய் அழுதிருக்கிறாள். அப்போதெல்லாம் பொறுமை வேண்டும் என்று நான் அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

வீடு திரும்பும்போது ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு விசாரித்தோம். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய் என்றார்கள். ஆயிரம் பீடி சுற்றிக் கிடைக்கும் கூலியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அக்கா ஊருக்குத் திரும்பிவிட்டாள். பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை. நான் கொக்கிரகுளம் வந்துவிட்டேன். அன்று அவள் அம்மாவைத் தூக்கினாள். தையல் போட்ட இடத்தில் நீர் வடிந்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஐயா, அம்மா, நீங்கள் சட்டத்தைக் கையாளுகிறவர்கள். நானும் ஏதோ ஓரளவு சட்டம் தெரிந்தவன். 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதிவைத்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களுக்கும் அது பொருந்தியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் இதே கணக்குத்தான் இருந்தது. அப்படியானால் என் மனைவியின் மடியில் இருந்த சுளகுக்கு விடுப்பு இருந்தது. அவள் மணிக்கட்டில் இருந்த நூலுக்கு இல்லை. பீடி சுற்றுவதைவிட ஒரு மனுஷியைப் புரட்டிப் போட்டுத் துடைத்து ஊட்டி உயிரோடு வைத்திருப்பது எந்த விதத்தில் குறைந்த வேலை? இருபதுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் வருடத்துக்குப் பதினெட்டு நாள் வருகிறது. நான் கேட்பது அந்தப் பதினெட்டு நாளைத்தான்.

மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் பிறரைப் பராமரிக்கும் பெண்கள் சராசரியாக ஒரு நாளில் 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள் என்று வந்தது. குழந்தை வளர்ப்பும் சேர்ந்த நாடு தழுவிய சராசரி அது. தூங்கும்போதும் ஒரு காது விழித்திருக்கிறதே, அதை எந்த நிமிடக் கணக்கில் சேர்ப்பது?

“பெற்றவளை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு ஓய்வு எடுக்கப் போவதா, ஊர் சிரிக்காதா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். தாய்வீடு என்ற சொல் நம்முடையதுதானே? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து, மாதக்கணக்கில் ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அழைத்துப்போனார்கள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு வந்து, விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு, மூன்று நாள் தங்கி, மஞ்சள் குங்குமத்தோடு திரும்பினார்கள். ஓயாமல் உழைக்கிறவளுக்கு ஓய்வு வேண்டும் என்று நம் ஊருக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போது கூட்டுக் குடும்பத்தில் ஓரகத்தி இருந்தாள், நாத்தனார் இருந்தாள். ஒருத்தி போனால் இன்னொருத்தி பார்த்தாள். இப்போது பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். பேட்டையிலிருந்து முக்கூடலுக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம். அங்கே நடந்த கொடைக்கு என் மனைவி ஆறு வருடமாகப் போகவில்லை. அவள் அப்பா இறந்தபோது காலையில் போய் மாலையில் திரும்பினாள். பதினாறாம் நாளுக்குப் போகவே இல்லை.

செய்ய முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். 2008இலேயே வலிதணிப்புப் பராமரிப்புக்கு ஒரு கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியரை வீடு வீடாக அனுப்புகிறார்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். சிறு தொகைதான். ஆனாலும் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒரு மனிதர் அரசாங்கத் தாளில் இருக்கிறார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஜெர்மனியில் 1995இலிருந்து பராமரிப்புக்கென்றே காப்பீடு இருக்கிறது. வீட்டில் பார்ப்பவர் நோயில் படுத்தாலோ ஓய்வெடுக்கப் போனாலோ மாற்று ஆளுக்கான செலவை வருடத்தில் சில வாரங்களுக்கு அந்தக் காப்பீடு கொடுக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்திலும் விதை இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறது. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ‘சமர்த்’ என்று தற்காலிகத் தங்கல் இல்லங்களுக்கே ஒரு திட்டம் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு என்ற வட்டத்துக்குள் நிற்கிறது. மானூர் அண்ணாச்சியின் மகன் அந்த வட்டத்துக்குள் வருவான். பக்கவாதம் வந்த என் அம்மா வரமாட்டார். 2025 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கு 25 அன்புச்சோலை மையங்களை மாநில அரசு அறிவித்தபோது மனம் நிறைந்தது. அவை பகல்நேர மையங்கள். கட்டிலை விட்டு எழ முடியாதவரை அங்கே எப்படிக் கொண்டுபோவது?

நம் சீமைக்கும் இது புதிதில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் இருக்கிறார். பொறியியல் மாணவராக 1975இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. படுக்கையில் இருக்கும் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவரைக் காட்டிப் பெருமைப்படுகிறோம், சரிதான். அப்படிப் போகிற ஒவ்வொருவரையும் காலையில் எழுப்பி உட்காரவைக்கும் இரண்டு கைகளையும் நினைத்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம் என்று என் அறிவுக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். வட்டார அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் நாலு படுக்கையை இதற்கென்று ஒதுக்குங்கள். அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் நாங்குநேரியிலும் முதலில் தொடங்கலாம். பார்த்துக்கொள்கிறவர் தானே ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் முதல் இடம் அந்த வீட்டுக்கு. அப்படி ஒரு படுக்கை இருந்திருந்தால் என் மனைவி பதினைந்து மாதம் ரத்தம் சிந்தியிருக்கமாட்டாள்.

ஆனால் படுக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வீட்டுக்கு வரும் ஆள்தான். முதியவர்கள் இடம் மாறினால் மிரளுவார்கள். மறதி நோய் உள்ளவர்களைச் சொல்லவே வேண்டாம். சொந்தக் கட்டில், சொந்த ஜன்னல், தெருவில் போகும் பால்காரரின் மணி, இவை இருந்தால் பாதித் தொல்லை இல்லை. அதனால் வாரத்துக்கு அரை நாளாவது ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் எத்தனையோ பெண்கள் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் நியாயமான கூலியும் கொடுங்கள். ஆண்களையும் சேருங்கள், இருபத்து நான்கு வயதுப் பையனைக் குளிப்பாட்ட ஆண்பிள்ளை வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் தலையிலேயே இதையும் ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே அவர்கள் வேகாத வெயிலில் தெருத்தெருவாக நடக்கிறார்கள்.

அவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் எழ முடியாமல் கிடக்கிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்தப் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் போடுங்கள்: பார்த்துக்கொள்கிறவர் யார், அவர் வயது என்ன, அவருக்கு மாற்று ஆள் உண்டா? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. எங்கள் முன்னறைக்குள் தண்ணீர் வந்தபோது கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல்லை அடுக்கினோம். ஒரு செங்கல், இரண்டு செங்கல், மூன்று செங்கல். அதற்கு மேல் ஏறியிருந்தால் இரண்டு பேராக அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றோம். படுக்கையில் ஒரு கிழவி இருக்கிறாள் என்று அறிந்து எங்கள் வாசலுக்கு வர, யாரிடமும் பட்டியல் இல்லை.

2024 ஆனியில், நெல்லையப்பர் தேர் ஓடிய வாரத்தில், அம்மா போய்விட்டார். நூலை அவிழ்த்தது என் மனைவிதான். இன்னமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். போன கொடைக்கு முக்கூடல் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வா என்று அனுப்பினேன். முதல் ராத்திரி தூக்கம் வராமல் எனக்குப் போன் செய்தாள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மற்றக் குறைகளுக்கு மக்கள் கொக்கிரகுளத்துக்கு வருகிறார்கள். இந்தக் குறை உள்ளவர்களால் வர முடியாது. வந்தால் வீட்டில் யார் இருப்பது? ஆகவே கூட்டத்துக்கு அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், ஊராட்சி ஊராட்சியாக ஆள் அனுப்பி அவர்கள் வீட்டிலேயே மனு வாங்குங்கள். எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் மத்தியானத்துக்கு மேல் எனக்கு ஓய்வுதான். இந்த மனுவுக்குக் கூலி வாங்கமாட்டேன். நான் போகிற முதல் வீடு மானூர்ப் பக்கம் இருக்கிறது. போன முறை எழுதாமல் விட்ட வரியை அங்கே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கொக்கிரகுளத்தில் மனு எழுதுபவன்,
பேட்டை, திருநெல்வேலி.